ஒரே மழை, வேறு வேறு நிலம்: காலநிலையும் மண்ணும் உயிர்களும் இயற்கைச் சூழலை உருவாக்கும் விதம்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையிலுள்ள கேப் பகுதியில், ஒரே நாளில் நடந்து கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் முற்றிலும் வேறுபட்ட மூன்று இயற்கைச் சூழல்களைப் பார்க்க முடியும். மணற்கல் மலைச்சரிவுகளில், சிறிய தடித்த இலைகளைக் கொண்ட புதர்கள் நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன; அந்தப் புதர்வெளிக்கு ஃபைன்போஸ் என்று பெயர். மலையடிவாரத்தில், களிமண் படிந்து இறுகிய பாறையின்மேல் உண்டான கனத்த மண்ணில், சாம்பல் நிறச் சிறுபுதர்களும் புற்களும் கிழங்குத் தாவரங்களும் கலந்த ரெனோஸ்டர்ஃபெல்ட் பரவியிருக்கிறது. அதே மலையின் ஆழமான ஓடைப்பள்ளங்களுக்குள் இறங்கினால், கிளைகள் வானத்தை மறைக்கும் பசுமைமாறாக் காடு நிற்கிறது. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்ற காலநிலை மூன்றுக்கும் பொது. இடத்துக்கு இடம் மழையின் அளவு கூடிக் குறைந்தாலும், சம அளவு மழை பெறும் இடங்களிலும் இந்த எல்லைகள் தெளிவாகவே தெரிகின்றன.

இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்? மணற்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் துகள்களால் ஆனது என்பதால், அது சிதைந்து மண்ணாகும்போது தாவரங்களுக்கு வேண்டிய பாஸ்பரஸ், கால்சியம் போன்ற சத்துகள் மிகச் சொற்பமாகவே கிடைக்கின்றன. சத்து அரிதாகக் கிடைக்கும் இடத்தில் ஓர் இலையை உருவாக்குவது ஒரு செடிக்குப் பெருஞ்செலவு. ஆகவே அங்குள்ள செடிகள், எளிதில் கிழியாத, விலங்குகள் தின்னத் தயங்கும், பல ஆண்டுகள் உதிராத தடித்த இலைகளை வளர்க்கின்றன. அடிவாரத்துக் களிமண்ணில் சத்து அதிகம் இருப்பதால் அங்கே புற்களும் கிழங்குத் தாவரங்களும் தழைக்கின்றன. ஓடைப்பள்ளத்துக் காட்டுக்குக் காரணம் வேறு. ஃபைன்போஸ் பொதுவாக 10 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்து, அந்தத் தீயிலிருந்தே புதுப்பிறவி எடுக்கும் தாவரக் கூட்டம். காட்டு மரங்களின் நாற்றுகளோ அந்தத் தீயில் பிழைப்பதில்லை. பாறைகள் சூழ்ந்த ஈரமான பள்ளங்களுக்குள் மட்டும் தீ அரிதாக நுழைவதால், மரங்கள் அங்கே நிலைத்திருக்கின்றன.

ஆக, ஒரே காலநிலையின் கீழ், ஓர் எல்லையை மண் வரைந்திருக்கிறது. இன்னோர் எல்லையைத் தீயும் தாவரங்களும் சேர்ந்து வரைந்திருக்கின்றன. உலகின் எந்த இயற்கைச் சூழலையும் புரிந்துகொள்ள காலநிலை, மண், உயிர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் மையக் கருத்து. ஓரிடத்தில் எவையெல்லாம் வாழக்கூடும் என்ற வெளிவரம்பைக் காலநிலை இடுகிறது. அந்த வரம்புக்குள் எவை செழிக்கும் என்பதை மண் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. அங்கே குடியேறிய உயிர்கள் மண்ணையும், சில இடங்களில் காலநிலையையுமே மாற்றுகின்றன.

காலநிலை இடும் வரம்பு

இன்று மழை பெய்கிறதா, நாளை வெயில் அடிக்குமா என்பது வானிலை. பல ஆண்டுகளின் வானிலையைத் தொகுத்துப் பார்க்கும்போது தெரியும் பொதுவான போக்கே காலநிலை. இதற்கு 30 ஆண்டுகளின் பதிவுகளைக் கணக்கில் கொள்வது வழக்கம். தாவரங்களுக்கு இதில் முக்கியமானவை வெப்பமும் நீரும்தான். ஆயினும் அவற்றின் ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவோம்.

நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரிய ஒளி ஏறத்தாழச் செங்குத்தாக விழுவதால், அங்கே சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்த அந்தக் காற்று உயரத்தில் வடக்கும் தெற்கும் நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் வெப்பமடைவதால் அங்கே மேகங்கள் திரள்வதற்கு வழியில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி அமேசான், காங்கோ போன்ற மழைக்காடுகளும், அவற்றுக்கு இருபுறமும் சகாரா, கலகாரி, அரேபியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பாலைநிலங்களும் அமைந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்தக் காற்றோட்டமே.

இந்தப் பெரிய ஒழுங்கின்மீது கடலும் மலையும் தம் பங்குக்கு மாற்றங்களைச் செய்கின்றன. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடுவதால், அதன்மேல் வரும் காற்று மழை தரும் அளவுக்கு மேலெழுவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரத்தையோ ஆண்டிஸ் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. இவை இரண்டும் சேர்ந்து அட்டகாமாவை உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றாக்கின. அதே ஆண்டிஸ் மலைத்தொடரின் தென்பகுதியில் நிலைமை தலைகீழ்: மேற்கிலிருந்து வரும் காற்று சிலி நாட்டுச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து அர்ஜென்டினாவின் பட்டகோனியாவுக்குள் வறண்டு இறங்குகிறது. மலைக்கு ஒரு பக்கம் ஈரக்காடு, மறுபக்கம் மழைமறைவுப் பகுதியின் வறண்ட புல்வெளி.

உயரமும் காலநிலையே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 1802-இல் இன்றைய ஈக்வடாரிலுள்ள சிம்பொராசோ மலையில் ஏறிய ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், கீழே வெப்பமண்டலக் காட்டில் தொடங்கி மேலே பாசியும் பனியும் வரை தாவரங்கள் அடுக்கடுக்காக மாறுவதைப் பதிவு செய்தார். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தால் காணக்கூடிய மாற்றத்துக்கு ஒப்பான ஒன்று, ஒரே மலையின் சரிவில் தெரிந்தது. தாவரங்களைத் தனித்தனியாகப் பெயரிட்டுப் பட்டியலிடுவதோடு நிற்காமல், அவை எங்கே, எவற்றோடு சேர்ந்து வாழ்கின்றன என்று கேட்கும் பழக்கத்துக்கு அந்தப் பயணம் பெரிய உந்துதலைத் தந்தது.

சராசரி ஏன் ஏமாற்றும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை என்று மட்டும் சொன்னால் அந்த நிலம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியாது. சைபீரியாவில் அந்த அளவு மழையும் பனியும் ஊசியிலைக் காட்டை வளர்க்கப் போதுமானவை. ஏனெனில் குளிர்ந்த நிலத்திலிருந்து நீர் மிக மெதுவாகவே ஆவியாகிறது. வெப்பமண்டலத்தில் அதே 400 மில்லிமீட்டர், முட்புதர்களையும் வறண்ட புல்லையும் மட்டுமே தாங்கும். ஆகவே எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட, பெய்த மழையில் ஆவியானது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே முக்கியம்.

மழை எப்போது வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வெப்பமான வளர்ச்சிக் காலத்தில் மழை வந்தால் செடிகள் அதை உடனே பயன்படுத்திக்கொள்ளும். குளிர்காலத்தில் மழை பெய்து கோடை வறண்டுவிட்டால், நீர் இருக்கும்போது வெப்பம் இல்லை, வெப்பம் இருக்கும்போது நீர் இல்லை என்ற நிலை உண்டாகிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நிலங்கள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு ஆகிய ஐந்தும் இத்தகையவை. ஒன்றுக்கொன்று உறவில்லாத தாவரக் குடும்பங்கள் இந்த ஐந்து இடங்களிலும் தனித்தனியே பரிணமித்தும், ஒரே மாதிரியான சிறிய தடித்த இலைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காலநிலையின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இன்னொரு சான்று, காலநிலையை வகைப்படுத்திய முறையிலேயே இருக்கிறது. காலநிலை அறிஞர் விளாடிமிர் கோப்பன் தமது காலநிலை வகைப்பாட்டை உருவாக்கியபோது, தாவர எல்லைகளையே வழிகாட்டிகளாகக் கொண்டார். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரி செல்சியஸை எட்டாத இடங்களைத் துருவக் காலநிலை என அவர் பிரித்தார். ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் வடக்கில் மரங்கள் நின்று துந்திரா தொடங்குகிறது.

மண் செய்யும் தேர்வு

பள்ளிப் பாடநூல்களிலுள்ள உலக வரைபடத்தில், காடு, புல்வெளி, பாலை, துந்திரா ஆகியவை அகலமான வண்ணப் பட்டைகளாகக் காட்டப்பட்டிருக்கும். தொடக்கநிலையில் அந்த வரைபடம் பயனுள்ளதே. ஆயினும், ஒவ்வொரு வண்ணத்துக்குள்ளும் மண் உண்டாக்கும் வேறுபாடுகள் அதில் மறைந்துபோகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

மண் என்பது பாறைத்தூள் மட்டுமன்று. செடிகள் நன்கு வளரும் மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி, கனிமத் துகள்களும் சிறிதளவு மட்கிய உயிர்ப்பொருளும். மறுபாதி, அவற்றுக்கிடையேயான துளைகளிலுள்ள நீரும் காற்றும். பாறை எப்படி மண்ணாகிறது என்பதை ரஷ்ய அறிஞர் வாசிலி தகுச்சாயெவ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தார். மண் என்பது காலநிலை, உயிர்கள், தாய்ப்பாறை, நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகியவற்றின் கூட்டு விளைவு என்ற அவருடைய கருத்தை, 1941-இல் மண் அறிவியலாளர் ஹான்ஸ் ஜென்னி செம்மையான கோட்பாடாக வகுத்தார். இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்ற நான்கையும் ஒரே நிலையில் வைத்திருக்கும் இடங்களை இயற்கையில் தேடிக் கண்டுபிடித்து ஒப்பிடுவது, மண் ஆய்வின் மிகப் பயனுள்ள வழிமுறையாக இன்றும் இருக்கிறது.

வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் பாறை வேகமாகச் சிதையும். அப்படியானால் அங்கே மண் வளமாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. அமேசான் படுகையின் பெரும்பகுதியில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை, கால்சியம், பொட்டாசியம் போன்ற கரையும் சத்துகளைக் கழுவிச் சென்றுவிட்டது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் செறிந்த சிவப்பு, மஞ்சள் நிற மண் எஞ்சியிருக்கிறது. அந்த மண்ணின்மேல் உலகின் மிகச் செழிப்பான காடு நிற்பது எப்படி? அங்கே சத்தின் பெரும்பங்கு மண்ணின் ஆழத்தில் இல்லை. மரங்களின் உடலிலும், தரையிலுள்ள இலைச்சருகுப் படலத்திலும் இருக்கிறது. ஓர் இலை விழுந்ததும், வெப்பமும் ஈரமும் மிகுந்த தரையில் பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் அதை விரைவில் சிதைக்கின்றன. சருகுப் படலத்துக்குள்ளேயே பரவியிருக்கும் வேர்களும், வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சை இழைகளும், வெளிப்படும் சத்தை மழை கழுவிச் செல்லும் முன்பே உறிஞ்சிக்கொள்கின்றன. இதனால்தான் அந்தக் காட்டை வெட்டி எரித்து உண்டாக்கும் விளைநிலம், சாம்பலின் சத்து தீரும்வரை சில பருவங்களுக்கு மட்டும் விளைந்துவிட்டுப் பிறகு களைத்துப்போகிறது. அதே படுகையின் ரியோ நீக்ரோ பகுதியில் வெண்மணல் பரப்புகள் உண்டு. மழை சற்றும் குறைவில்லாத அந்த இடங்களில், வறண்ட நிலத்துச் செடிகளைப்போல் தடித்த இலை கொண்ட குட்டையான மரங்கள் நிற்கின்றன.

இதற்கு மறுகோடியில் உக்ரைனிலும் தென்ரஷ்யாவிலும் பரவியுள்ள செர்னோசெம் என்னும் கரிய மண் இருக்கிறது. அங்கே மழை மிதமானது. சத்துகளைக் கழுவிச் செல்லும் அளவுக்கு அது பெய்வதில்லை. புல்லின் உடலில் பெரும்பங்கு தரைக்குக் கீழே வேராக இருப்பதால், ஆண்டுதோறும் மடியும் வேர்கள் மண்ணுக்குள்ளேயே மட்குகின்றன. நீண்ட குளிர்காலம் அந்த மட்கு முழுமையாகச் சிதைவதைத் தடுக்கிறது. இப்படிச் சேர்ந்த கரிய மேலடுக்கு பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை செல்கிறது. இன்னும் வடக்கே, ஊசியிலைக் காடுகளின் கீழ், மெதுவாக மட்கும் ஊசியிலைகளிலிருந்து அமிலம் கசிந்து, மேல்மண்ணிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. அங்கே ஒரு குழி தோண்டினால், கருமையான சருகுப் படலம், அதன்கீழ் சாம்பல் நிறத்தில் வெளுத்த அடுக்கு, அதற்கும் கீழே துருநிற அடுக்கு என மண்ணின் வரலாறு வரிசையாகத் தெரியும். காலநிலை தாவரத்தைத் தந்தது, தாவரம் மண்ணை மாற்றியது, அந்த அமில மண் மீண்டும் ஊசியிலை மரங்களுக்கே வசதியானது என்று, காரணமும் விளைவும் இங்கே ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

மண்ணின் சத்தைப் போலவே அதன் துகள் அளவும் முக்கியம். ஏறத்தாழ 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான துகள்கள் மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணியவை களிமண், இடைப்பட்டவை வண்டல். களிமண் நீரை அதிகம் பிடித்துவைக்கும், மணல் நீரை விட்டுவிடும் என்பது பொதுவிதி. வறண்ட நிலங்களில் இந்த விதி பல நேரங்களில் தலைகீழாகிறது என்பதை முதன்முறை கேட்பவர்கள் வியப்படைவார்கள். அங்கே பெய்யும் சிறுமழை, களிமண்ணின் மேற்பரப்பிலேயே தங்கி, வெயிலில் ஆவியாகிவிடுகிறது. மணலிலோ அது விரைவாக ஆழத்துக்கு இறங்கி, வெயில் எட்டாத இடத்தில் வேர்களுக்காகத் தங்குகிறது. ஆகவே, ஈரமான நாட்டில் ஏழை மண்ணாகக் கருதப்படும் மணல், வறண்ட நாட்டில் புதர்களும் மரங்களும் பிழைத்திருக்க உதவும் மண்ணாக மாறிவிடுகிறது. ஒரு மண் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குக் காலநிலையைச் சொல்லாமல் விடை தர முடியாது.

தாய்ப்பாறையின் செல்வாக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது பாம்புப்பாறை எனப்படும் செர்பென்டைன் பாறையின்மேல் உண்டான மண்ணில். அதில் மெக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு. நிக்கலும் குரோமியமும் நச்சாகும் அளவுக்கு இருக்கும். கலிபோர்னியாவில் பசும்புல்லும் ஓக் மரங்களும் நிறைந்த சரிவு, பாறை மாறும் கோட்டிலேயே சட்டென முடிந்து, அந்த நச்சைத் தாங்கப் பழகிய சிறப்பு இனங்கள் மட்டும் வாழும் வெளியாக மாறுவதைப் பார்க்கலாம்.

உயிர்கள் திருப்பி எழுதுவது

இதுவரை காலநிலையும் மண்ணும் உயிர்களை ஆள்வதைப் பார்த்தோம். உயிர்கள் அவற்றைத் திருப்பி ஆள்வதுதான், என் பார்வையில், இந்தப் பொருளின் மிக அழகான பகுதி. அதை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டு, அலாஸ்காவுக்கு மேற்கே வடபசிபிக் கடலில் வளைவாக நீளும் அலூசியன் தீவுகள்.

மரங்களே இல்லாத அந்தத் தீவுகளில் கடற்பறவைகள் பெருங்கூட்டங்களாகத் தரையில் கூடுகட்டி வாழ்ந்தன. மென்மயிர் வணிகத்துக்காக மனிதர்கள் அவற்றில் பல தீவுகளில் நரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள்; அதற்கு முன்பு தரைவாழ் வேட்டை விலங்குகளை அறியாத பறவைகளை நரிகள் பெருமளவில் அழித்தன. சில தீவுகளுக்கு மட்டும் நரிகள் போய்ச் சேரவில்லை. ஒரே காலநிலையும் ஒத்த பாறையும் கொண்ட இரு வகைத் தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. நரிகள் இல்லாத தீவுகளில் உயரமான, செழித்த புல்வெளி இருந்தது; நரிகள் உள்ள தீவுகளில் குட்டையான புதர்களும் பூண்டுகளும் கொண்ட துந்திரா இருந்தது. நரிகள் புல்லைத் தொடுவதே இல்லை. பறவைகள் கடலில் மீன் தின்று, நிலத்தில் எச்சமிட்டு, கடலின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தீவுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தன, பறவைகள் போனதும் அந்த வரவு நின்றது, மண் வறுமையடைந்தது, அந்த வறுமையில் புல் பின்வாங்கி, குறைந்த சத்தில் வாழத் தெரிந்த செடிகள் இடம்பிடித்தன. இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க, நரிகள் உள்ள ஒரு தீவில் ஆராய்ச்சியாளர்கள் மூன்று ஆண்டுகள் உரமிட்டுப் பார்த்தபோது, அங்கே புல் மீண்டும் பெருகியது. உணவுச் சங்கிலியின் உச்சியில் ஒரே ஒரு விலங்கு சேர்ந்ததால், மழையோ வெப்பமோ மாறாமலேயே ஒரு தீவின் மண்ணும் தாவரமும் மாறிவிட்டன.

உயிர்கள் காலநிலையையும் தொடுகின்றன. அமேசான் காட்டின் மரங்கள் வேர்வழியே உறிஞ்சிய நீரை இலைகள் வழியே மீண்டும் காற்றுக்கு அனுப்புவதால், அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த ஈரம் உள்நாடு நோக்கிச் செல்லும் வழியில் பலமுறை மழையாகப் பெய்கிறது. அந்தப் படுகையின் மழையில் கால்பங்கிலிருந்து பாதிவரை இவ்வாறு நிலத்திலிருந்தே திரும்பிச் சென்ற நீர் என மதிப்பிடப்படுகிறது. மழையால் காடு வாழ்வதும், காட்டால் மழை நிலைப்பதும் ஒருசேர நடக்கின்றன.

புல்லுக்கும் மரத்துக்கும் இடையிலான போட்டியில் தீ இதே போன்ற பங்கு வகிக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பரந்த பகுதிகள் உண்டு. அங்கே அடர்ந்த காடும் இருக்கலாம், மரங்கள் சிதறிய சவன்னா புல்வெளியும் இருக்கலாம். புல் உலர்ந்து எளிதில் தீப்பற்றுகிறது. தீ மரக்கன்றுகளைக் கொன்று வெளிச்சத்தைக் காக்கிறது. வெளிச்சத்தில் புல் மீண்டும் வளர்கிறது. மரங்கள் ஒருமுறை மூடிவிட்டாலோ, நிழலில் புல் மறைந்து, தீ நுழைய வழியற்றுப்போகிறது. ஒரே காலநிலையில் இரண்டு நிலைகளும் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. எனவே, மரங்கள் குறைந்த புல்வெளி என்றால் அழிந்துபோன காடு என்று கருதி, அங்கெல்லாம் மரம் நடுவது தவறு. பல சவன்னாக்கள் மனிதர்கள் காட்டை வெட்டத் தொடங்குவதற்கு மிக நெடுங்காலம் முன்பே உருவான, தமக்கே உரிய உயிரினங்களைக் கொண்ட சூழல்கள்.

சிறிய உயிர்களின் பங்கும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. கேப் பகுதியின் புதர்களில் பல, தம் விதைகளின்மேல் எறும்புகளுக்குப் பிடித்தமான கொழுப்புச் சதைப்பற்றை வைக்கின்றன. எறும்புகள் விதையைப் புற்றுக்குள் இழுத்துச் சென்று அந்தப் பகுதியை மட்டும் தின்றுவிட்டு, விதையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவதால், அடுத்த தீயிலிருந்து அது தப்பிக்கிறது. அயல்நாட்டு அர்ஜென்டினா எறும்புகள் பரவிய இடங்களில், அவை விதைகளைப் புதைக்காமல் விட்டுவிடுவதால், இத்தகைய செடிகளின் முளைப்பு குறைந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

காலம் என்னும் காரணி

1963 நவம்பரில், ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலடி எரிமலை வெடித்து, சர்ட்சி என்னும் புதிய தீவு எழுந்தது. மண்ணே இல்லாத ஒரு நிலத்தில் சூழல் எப்படித் தொடங்குகிறது என்பதை முதல் நாளிலிருந்து கவனிக்க அறிவியலுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. 1965-இல் அலைகள் கொண்டுவந்த விதையிலிருந்து முதல் பூக்கும் செடி முளைத்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் மாற்றம் மெதுவாகவே நடந்தது. எரிமலை மணலில் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லை. 1986 முதல் கடற்காகங்கள் கூட்டமாக அங்கே கூடுகட்டத் தொடங்கிய பிறகு நிலை மாறியது. அவற்றின் எச்சம் சேர்ந்த இடத்தில் புல் அடர்ந்து, பூச்சிகள் வந்து, பூச்சிகளைத் தின்னும் பறவைகளும் வந்தன. அந்தக் கூட்டம் வாழாத பகுதிகள் இன்னும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. வெறும் நிலத்தில் ஒரு தாவரக் கூட்டம் மண்ணைப் பக்குவப்படுத்தி அடுத்த கூட்டத்துக்கு வழிவிடுவதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்கிறோம்.

இதைவிட நெடிய காலத்தை ஹவாய் தீவுகள் காட்டுகின்றன. அங்கே எரிமலைத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி வடமேற்கு நோக்கி நகர்ந்திருப்பதால், ஒரே உயரமும், ஒரே மழையும், ஒரே வகைத் தாய்ப்பாறையும், ஓஹியா என்னும் ஒரே மரம் மிகுந்த காடும் கொண்டு, வயது மட்டும் மாறுபடும் நிலங்கள் கிடைக்கின்றன. இளையது 300 ஆண்டு, முதியது 41 இலட்சம் ஆண்டு. இளைய நிலத்தில் நைட்ரஜன் உரம் இட்டபோது மரங்கள் வேகமாக வளர்ந்தன. பாஸ்பரஸ் இட்டதற்கு அவை அசையவில்லை. மிக முதிய நிலத்தில் இது தலைகீழாக நடந்தது. பாறையில் நைட்ரஜன் மிகக் குறைவு. அதைக் காற்றிலிருந்து நுண்ணுயிரிகளே மண்ணில் சேர்க்க வேண்டும் என்பதால் தொடக்கத்தில் அதற்குத்தான் பஞ்சம். பாஸ்பரஸ் பாறையோடு வருவது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அது கரைந்தும், செடிகள் எடுக்க முடியாத வடிவில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்தும் தீர்ந்துபோகிறது. வளமான மண் என்பது இந்த இரு பஞ்சங்களுக்கும் இடையிலுள்ள நடுவயதில்தான் இருக்கிறது. முதிய நிலங்களுக்குக் காற்று ஓரளவு கைகொடுக்கிறது: ஆசியாவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வரும் புழுதி ஹவாயின் பழைய மண்ணுக்கும், சகாராவின் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசானுக்கும் பாஸ்பரஸைக் கொண்டு சேர்க்கின்றன.

காலநிலை, உயிர்கள், மண் ஆகிய மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதையும் காலம் காட்டிக்கொடுக்கிறது. கடந்த பனியுகம் முடிந்தபின், வெப்பம் வடக்கே நகர்ந்ததைத் தொடர்ந்து மரங்களும் நகர்ந்தன. ஏரிப்படிவுகளில் தங்கிய மகரந்தத்தைக் கொண்டு அந்த வேகம் ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் என்ற அளவில் மதிப்பிடப்பட்டுள்ளது. மண் இவற்றைவிட மிக மெதுவானது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகப் பல இடங்களில் சில நூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று புவி வெப்பமடையும் வேகத்தை மரங்களின் பழைய வேகத்தோடு ஒப்பிட்டால், பல காடுகள் தமக்கு ஏற்ற காலநிலையைத் தொடர்ந்து செல்ல முடியாமல் பின்தங்கும் என்ற கவலைக்கு வலுவான அடிப்படை இருப்பது தெரியும்.

வடகனடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பம் கூடினால் பயிர்த்தொழில் அங்கே எளிதாக வடக்கே நகர்ந்துவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பனியுகத்தில் அந்த நிலத்தின்மேல் படர்ந்திருந்த பனிப்பாளம், பழைய மண்ணைச் சுரண்டித் தெற்கே தள்ளிவிட்டது. இன்று அமெரிக்காவின் நடுமேற்குச் சமவெளியிலுள்ள வளமான விளைநிலங்களில் பல, அவ்வாறு பனியும் பிறகு காற்றும் கொண்டுவந்து குவித்த பொருளின்மேல் அமைந்தவை. பனி விலகிப் பல ஆயிரம் ஆண்டுகள் கடந்தும், கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறைப் பகுதியின் பெரும்பரப்பில் பாறையின்மேல் மெல்லிய அமில மண்ணும், இடையிடையே சதுப்பும் ஏரிகளுமே இருக்கின்றன. அங்கே கோதுமைக்குப் போதுமான கோடை வந்துவிட்டாலும், கோதுமை வேரூன்றும் ஆழத்துக்கு மண் இல்லை.